அ முதல் ஃ வரை பாட்டாகச் சொல்கிறார்கள், அட்டையைக் கலைத்துக் காட்டினால் முழிக்கிறார்கள்: என்ன விளையாட்டு, எந்த வரிசையில்?

வெள்ளவத்தை_முன்பள்ளி:

எல்லாருக்கும் வணக்கம். நாலு, நாலரை வயதுப் பிள்ளைகள் 14 பேர். தமிழுக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம், கிழமையில் ஐந்து நாள். மாடிக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை. கீழே ஆட்கள் குடியிருப்பதால் துள்ளிப் பாயும் விளையாட்டுக்கு வழியில்லை. பாதிப் பேருக்கு ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறைகிறது, அதாவது அடுத்த ஆண்டு தரம் ஒன்றுக்குப் போய்விடுவார்கள்.

பிரச்சினை இதுதான். "அ, ஆ, இ, ஈ" என்று ஃ வரைக்கும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். அட்டைகளைக் கலைத்து, ஒன்றை உருவிக் காட்டினால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. அ அட்டையைக் காட்டினால் "அம்மா" என்கிறார்கள், ஏனென்றால் அதில் அம்மா படம் இருக்கிறது. ப, ம, ய மூன்றும் அவர்களுக்கு ஒன்றுதான். அதே அறையில் இங்கிலீசும் படிப்பதால் சிலர் ட வைப் பார்த்து "எல்" என்றும், உ வைப் பார்த்து "டூ" என்றும் சொல்கிறார்கள்.

கையில் இருப்பது: சுவரில் ஒட்டிய கலர் எழுத்துப் படம், ஒரு டெப் (தொடுதிரைக் கணினி). வாங்க 5,000 ரூபாவுக்குள் செலவழிக்கலாம். எந்த விளையாட்டை, எந்த எழுத்தில் தொடங்குவது? எங்கே பிழை வரும் என்றும் சொல்லுங்கள்.

கரும்பலகை:

பாட்டாகச் சொல்வது காதின் வேலை. எழுத்தை அடையாளம் காண்பது கண்ணின் வேலை. வரிசையாகச் சொல்லும்போது பிள்ளை எழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அடுத்த சத்தம் தானாக வாயில் வந்துவிடும். ஆகவே முதல் இரண்டு மாதத்துக்கு அந்தச் சுவர்ப் படத்தைக் கழற்றி வையுங்கள். விளையாட்டைத் தெரிவு செய்யும்போதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எழுத்தைப் பார்க்காமல் ஒரு பிள்ளை இதில் வெல்ல முடியுமா? முடியும் என்றால் அந்த விளையாட்டு வேண்டாம்.

இரண்டாவது கணக்கு, பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு எத்தனை தரம் எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கிடைக்கிறது என்பது. எல்லாருக்கும் பிடித்த மீன் பிடிக்கும் விளையாட்டையே எடுங்கள்: காகித மீன், கிளிப், தடியில் காந்தம். ஒரு தடி, 14 பிள்ளை, ஆளுக்கு 40 விநாடி என்றால் ஒரு சுற்றுக்கே ஒன்பது நிமிடம் தாண்டும். பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு எழுத்து. மிச்ச நேரமெல்லாம் வரிசையில் நின்று அடுத்தவரைக் கிள்ளும். அதே பத்து நிமிடத்தில் டொம்போலா (அறிவிப்பதைத் தன் பலகையில் தேடி மூடும் விளையாட்டு) விளையாடினால் அறிவிக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் 14 பேரும் பலகையைத் தேடிப் பார்த்தாக வேண்டும். 15 விநாடிக்கு ஒன்று அறிவித்தால் 40 தரம். மீன் பிடிக்கத்தான் வேண்டுமென்றால் நாலு தடி வேண்டும், "ம மீனை மட்டும் பிடி" என்ற கட்டளையும் வேண்டும். இல்லாவிட்டால் காந்தத்தில் எது ஒட்டுகிறதோ அதுதான் மீன்.

எழுத்து வரிசை. அ, ஆ, இ, ஈ வேண்டாம். உருவத்தில் ஒன்றையொன்று ஒத்திராத, உடனே சொல்லாகக் கூடிய ஐந்தை எடுங்கள். என் தெரிவு அ, ம, க, ட, ல. புள்ளியும் சேர்ந்தால் கல், கடல், அகல், மடல் எல்லாம் இந்த ஐந்துக்குள் அடங்கும். வெள்ளவத்தைப் பிள்ளைக்குக் கடல் என்ற சொல்லை விளக்க வேண்டியதும் இல்லை.

டொம்போலாப் பலகை செய்யும் முறை: 3க்கு 3 கட்டம், ஒவ்வொரு கட்டமும் 5 செ.மீ. ஐந்து எழுத்தும் குறைந்தது ஒரு தரம் வர வேண்டும், மிச்ச நாலு கட்டத்தில் எதுவும் திரும்ப வரலாம். 14 பலகையும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒரே மாதிரி இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் பலகையைப் பார்த்து அதே இடத்தை மூடிவிடுவார்கள். ஒரு எழுத்தை அறிவித்தால் ஒரு கட்டம்தான் மூடலாம். முதல் மூன்று நாள் நீங்கள் அட்டையைக் காட்டிச் சத்தத்தையும் சொல்லுங்கள். நாலாம் நாளிலிருந்து சத்தம் மட்டும். மூட 4 செ.மீ. சதுரத்தில் அட்டைத் துண்டு வெட்டுங்கள். புளியங்கொட்டை, பொத்தான், போத்தல் மூடி எதுவும் வேண்டாம். சிறு பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மி.மீ. தண்ணீர்ப் போத்தல் மூடி அதற்குள் நழுவி விழுந்துவிடும், அதாவது பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடிய பருமன். உங்கள் பிள்ளைகளுக்கு நாலு வயது என்றாலும் கூட்டிப் போக வருகிறவர்களோடு இரண்டு வயதுத் தம்பி தங்கச்சிமாரும் வருவார்கள்.

அடுத்தது தபால் பெட்டி. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். மூன்று சப்பாத்துப் பெட்டி, மூடியில் 8 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ. அகலத்தில் ஒரு வெட்டு. 5க்கு 7 செ.மீ. அட்டைகள் 24, எழுத்துக்கு எட்டு. அந்த எட்டும் ஒரே கையெழுத்தாக இருக்கக் கூடாது. மூன்று அச்சில், இன்னும் மூன்று வேறு வேறு ஆட்கள் எழுதியது, மீதி இரண்டு வீரகேசரி, தினக்குரல் தலைப்புகளில் வெட்டி ஒட்டியது. பிள்ளை அட்டையை எடுத்து, சத்தத்தைச் சொல்லி, சரியான பெட்டியில் போட வேண்டும். முடிந்ததும் பெட்டியைத் திறந்து, வழிமாறி வந்த கடிதத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அட்டைகள் ஏன் இத்தனை விதம் என்றால், ஒரே அச்சில் பழகிய பிள்ளைக்கு ம தெரியும், ஆனால் அந்த ஒரு ம மட்டும்தான் தெரியும். பத்திரிகையில் உள்ள ம வேறொரு ஆள்.

இதில் பிழை வரும் இடம்: பெட்டியின் மேல் எழுத்தை ஒட்டினால் ஓரிரு நாளில் பிள்ளை சத்தத்தைப் பற்றி யோசிக்காமல் உருவத்துக்கு உருவம் சோடி சேர்க்கத் தொடங்கும். முதல் கிழமைக்கு அது நல்லது. இரண்டாம் கிழமை எழுத்தைக் கழற்றிவிட்டு மரம், கப்பல், அணில் என்று படத்தை ஒட்டுங்கள்.

படத்தைப் பற்றி ஒன்று. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் இருந்தால் பிள்ளை படத்தைத்தான் வாசிக்கும். உங்கள் "அம்மா" பிரச்சினை அதுதான். படம் அட்டையின் பின்பக்கம் போகட்டும். சரியா பிழையா என்று திருப்பிப் பார்க்க அது உதவும்.

மணல்தட்டு:

ரீச்சர், கரும்பலகை சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. எழுத்து வரிசையில் மட்டும் எனக்கு வேறு அபிப்பிராயம். ட, ப, ம, ய நாலையும் முதலில் எடுக்கிறவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பெரும்பாலும் நேர்க்கோடு, சின்னக் கைக்கு எழுத வரும். அ, க, ல மூன்றிலும் சுழி இருக்கிறது. நாலு வயதில் அ எழுதுவது பெரிய வேலை. விஜயதசமிக்கு அரிசியில் அ எழுதி ஏடு தொடக்கிய பிறகு, "இன்னும் ஏன் எழுதுகிறான் இல்லை" என்று கேட்டு வருகிற பெற்றோருக்கு முதலில் இதை விளங்கப்படுத்த வேண்டும்.

கையால் கீறிப் பார்த்த எழுத்து கண்ணுக்கும் நன்றாகப் பிடிபடும். அதனால் விளையாட்டோடு ஒரு மணல் தட்டும் வையுங்கள். தட்டு 30க்கு 20 செ.மீ., விளிம்பு 3 செ.மீ. அடியில் கடும் நீலக் காகிதம் ஒட்டி, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாள். மணல் அரை சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். கூடினால் விரல் போன தடத்தை மணல் வந்து மூடிவிடும், அடியில் உள்ள நீலம் தெரியாது. நீலம் தெரிந்தால்தான் எழுத்து பளிச்சென்று நிற்கும்.

கடற்கரை மணலை அப்படியே அள்ளி வராதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டிபடும். மூன்று நாலு தண்ணீரில் அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மாச் சல்லடையில் அரித்தால் சரி. மேசை உப்பு கொழும்புக் காற்றுக்கு ஒரு கிழமை தாங்காது. ரவை நன்றாக வரும், ஆனால் எறும்பு வரும், பிறகு வண்டு வரும். வறுத்து மூடி வைத்தாலும் மாதம் ஒரு தரம் மாற்றத்தான் வேண்டும்.

உப்புத்தாள் எழுத்தும் செய்யலாம். 120 இலக்க உப்புத்தாளில் 8 செ.மீ. உயரத்துக்கு எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டுவது. 60, 80 இலக்கம் விரல் தோலை உரசும், பிள்ளை இரண்டாம் தரம் தொடாது. உயிரெழுத்துக்கு நீல அட்டை, மெய்க்கு இளஞ்சிவப்பு என்று மொன்ரிசோரி முறையில் பிரிப்பார்கள். மரியா மொன்ரிசோரி அம்மையார் 1944இல் இலங்கைக்கே வந்தவர். இங்கே எந்த முன்பள்ளியையும் "மொன்ரிசோரி" என்றுதான் சொல்கிறோம், ஆனால் உப்புத்தாள் எழுத்து வைத்திருக்கும் இடம் கொஞ்சம்.

அந்த முறையில் இருந்து ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று கட்டப் பாடம். முதலில் நீங்கள் சொல்வது: "இது ம." பிறகு பிள்ளை காட்டுவது: "ம எங்கே? ம வை எடுத்து என் மடியில் வை. ம வை ஒளித்து வை." கடைசியாகத்தான் பிள்ளை சொல்வது: "இது என்ன?" நாங்கள் பெரும்பாலும் முதலாவதில் இருந்து மூன்றாவதுக்குத் தாவிவிடுகிறோம். பிள்ளை முழிக்கிறது. நடுக்கட்டத்தில்தான் விளையாட்டு முழுவதும் இருக்கிறது, அங்கே தாராளமாக நில்லுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? பிள்ளைக்கு எதிரே இருந்து தரையில் அட்டையைப் போட்டால் ஒருவருக்கு எழுத்து தலைகீழ். பக்கத்தில் இருங்கள். ஏழு பேர் என்றால் அரைவட்டமாக இருத்தி அட்டையை நிமிர்த்திக் காட்டுங்கள். வட்டமாக இருத்தி நடுவில் அட்டையைப் பரப்புவது பார்க்க அழகு. ஆனால் பாதிப் பிள்ளைகள் ப வைக் கவிழ்ந்த வாளியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கரும்பலகை:

மணல்தட்டு, எழுதும் வரிசைக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ட, ப, ம, ய எழுதத் தொடங்க நல்ல எழுத்துகள். ஆனால் அடையாளம் காணும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத இலகுவாக இருப்பதற்குக் காரணம் எதுவோ, அதுதான் பார்க்கும்போது குழப்பத்துக்கும் காரணம்: எல்லாம் ஒரே கோடுகள். ப வும் ம வும் ஒரே கிழமையில் வந்தால் இரண்டும் நெடுநாளைக்கு ஒட்டிக்கொண்டே திரியும். முதலில் ம மட்டும் வரட்டும். அது உறுதியான பிறகு, மூன்று நாலு கிழமை கழித்து ப. அதற்கும் பிறகு ய. மூன்றும் தனித்தனியே நின்ற பின்பு ஒரே மேசையில் வைத்து மோதவிடுங்கள். அப்போது அந்தத் தபால் பெட்டிக்கு ப, ம, ய மூன்றையும் கொடுத்தால் அது கடினமான விளையாட்டு, ஆனால் பிள்ளைக்கு முடியும்.

இப்படிப் பிரித்து வைக்க வேண்டிய மற்றவை: ல – வ, க – த – ச, எ – ஏ, ஒ – ஓ, ன – ண, ழ – மு. கடைசிச் சோடியை நாங்கள் பெரியவர்கள் கவனிப்பதே இல்லை. கையெழுத்தில் ழ வும் மு வும் எவ்வளவு கிட்ட என்று எழுதிப் பாருங்கள்.

ட – எல், உ – டூ குழப்பம் பிழையே இல்லை. பிள்ளை உருவத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறது, எந்தப் பெட்டியில் இருந்து எடுப்பது என்றுதான் தெரியவில்லை. தமிழ் அட்டைகளுக்கு ஒரு நிறத்தில் பெட்டி, இங்கிலீசு அட்டைகளுக்கு வேறு நிறம், தமிழ் நேரம் தொடங்கும்போது தமிழ்ப் பாய் விரிப்பது. இந்த மூன்றும் போதும். அட்டையின் நிறத்தை மட்டும் மாற்றாதீர்கள். எல்லா எழுத்தும் வெள்ளையில் கறுப்பு. ம எப்போதும் சிவப்பில் இருந்தால் பிள்ளை சிவப்பைத்தான் படிக்கும்.

அச்சுக்கூடம்:

அட்டை செய்வதில் வரும் சிக்கல்கள் மட்டும் சொல்கிறேன்.

பிறிஸ்டல் போட் 22க்கு 28 அங்குலத் தாளாக வாங்கினால் 10 செ.மீ. சதுர அட்டை அகலத்தில் 5, நீளத்தில் 7, மொத்தம் 35 கிடைக்கும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 போக நாலு மிச்சம். 5க்கு 7 செ.மீ. தபால் அட்டை என்றால் அதே தாளில் 110. ஆகவே மூன்று தாள் போதும். உங்கள் 5,000 ரூபாவில் பெரும்பகுதி லமினேற்றுக்குத்தான் போகும், அட்டைக்கு இல்லை. புறக்கோட்டைக் கடைகளில் மொத்தமாக வாங்கினால் குறையும்.

அச்சடிப்பதென்றால் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே பென் டிரைவில் கொண்டுபோகாதீர்கள். கடைக் கணினியில் பாமினி இல்லையென்றால் அத்தனையும் இங்கிலீசு எழுத்தாக மாறி வரும். வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். யுனிகோட்டில் இன்னொரு தொல்லை: ா, ி, ெ போன்ற குறிகளைத் தனியே தட்டினால் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்று சேர்ந்து வரும். பிள்ளை அந்த வட்டத்தையும் எழுத்தென்று நினைக்கும். குறி அட்டைகளைக் கையால் எழுதுவது நல்லது.

எழுத்தளவு 250 புள்ளிக்குக் குறைய வேண்டாம். முதலில் ஒரு க வை அச்சடித்து அடிமட்டத்தால் அளந்து பாருங்கள், ஐந்து ஆறு செ.மீ. உயரம் வர வேண்டும். கையால் எழுதுவதென்றால் சரிவாக வெட்டிய முனை உள்ள மார்க்கர், கோட்டின் தடிப்பு ஆறேழு மி.மீ. அலங்கார எழுத்துரு எதுவும் வேண்டாம்.

லமினேற் பண்ணியதும் அட்டையின் ஓரத்தோடு ஒட்ட வெட்டாதீர்கள். சுற்றிவர 3 மி.மீ. பிளாஸ்டிக் விடுங்கள். ஒட்ட வெட்டினால் கடற்காற்றின் ஈரம் ஓரத்தால் உள்ளே போய், இரண்டு மாதத்தில் அட்டை பிரிந்து கறுப்புப் புள்ளி போடும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர் மூலை கண்ணில் படும் என்பது ஒன்று. ஒரு அட்டையின் மூலை மடிந்துவிட்டால் பிள்ளை அந்த மடிப்பை வைத்தே எழுத்தைச் சொல்லும் என்பது இன்னொன்று.

கொட்டாஞ்சேனை_13:

டெப் பற்றி யாரும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, 2 முதல் 4 வயதுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்று. வீட்டில் அந்த ஒரு மணி எப்படியும் முடிந்துவிடும், எனவே முன்பள்ளியில் அதற்குத் தேவையே இல்லை. டெப்பில் எழுத்து விளையாட்டு ஒன்றைக் காட்டுவதென்றால் முதலில் நீங்கள் விளையாடிப் பாருங்கள். எழுத்து ஒவ்வொரு தரமும் வேறு இடத்தில் வருகிறதா? பிழையான எழுத்தைத் தொட்டாலும் கைதட்டுகிறதா? கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்தையும் தட்டி வெல்ல முடிந்தால் அழித்துவிடுங்கள். மெய்யெழுத்துக்கு "இக், இங்" என்று பெயர் சொல்கிறதா, சத்தம் சொல்கிறதா என்றும் கவனியுங்கள்.

பேச்சும்_ஒலியும்:

சத்தம் பற்றிச் சொல்ல இடம் வந்ததால் எழுதுகிறேன்.

எழுத்துக்குப் போகுமுன் பிள்ளைக்குச் சொல்லின் முதல் சத்தம் கேட்க வேண்டும். "மரம், மணி, மயில், கதிரை: இதில் சேராதது எது?" இதற்கு அட்டை எதுவும் வேண்டாம், சப்பாத்துப் போடும் நேரத்திலும் விளையாடலாம். சொல்லைக் கைதட்டிப் பிரிப்பதும் அப்படித்தான். கதிரை மூன்று தட்டு, மணி இரண்டு. இது வராத பிள்ளைக்கு அட்டையை எத்தனை தரம் காட்டினாலும் உருவம் மட்டும்தான் பதியும், சத்தம் ஒட்டாது.

படச் சொல்லைத் தெரிவு செய்யும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கடை அட்டைகளில் ப வுக்குப் பலூனும் பஸ்ஸும் இருக்கும். இரண்டிலும் பிள்ளை கேட்கும் சத்தம் வேறு, பந்தில் கேட்பது வேறு. ப வுக்குப் பந்து, பழம், பல் என்று வையுங்கள். க வுக்குக் கதிரை, கல், கப்பல். காஸ் வேண்டாம்.

ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டிலும் நல்ல தமிழ்ச் சொல் தொடங்காது. அதற்காக லட்டு, டயர் என்று தேடி அலையாதீர்கள், அதிலும் டயரை இங்கே பாதிப் பேர் ரயர் என்றுதான் எழுதுவோம். சொல்லின் நடுவிலோ கடைசியிலோ அந்த எழுத்து வரும் படத்தை எடுத்து, "எங்கே கேட்குது?" என்று கேளுங்கள். ட வுக்குப் பட்டம், காலிமுகத் திடலில் பார்க்காத பிள்ளை இருக்காது. கடலில் வரும் ட மெலிந்து ஒலிக்கும், பட்டத்தில் வரும் ட்ட அழுத்தி ஒலிக்கும், படத்துக்கு அழுத்தமான சத்தம்தான் நல்லது. ல வுக்குப் பல், ண வுக்குக் கண், ர வுக்கு மரம்.

ன – ந, ழ – ள சோடிகளை முன்பள்ளியில் காதால் பிரிக்கச் சொல்லாதீர்கள். எங்கள் பேச்சில் ழ வும் ள வும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. "மான் ன", "நரி ந", "பழத்து ழ", "வாளி ள" என்று சொல்லோடு சேர்த்துப் பெயர் வைத்தால் போதும்.

கடைசியாக, "மரம்" என்பதை "மயம்" என்று சொல்லும் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள். ர பலருக்குப் பிந்தித்தான் வாயில் வரும். அந்தப் பிள்ளையிடம் சொல்லச் சொல்லாமல் காட்டச் சொல்லுங்கள். சரியாகக் காட்டினால் எழுத்து தெரியும்.

வெள்ளவத்தை_முன்பள்ளி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. 14 பலகையையும் இந்தக் கிழமையே செய்யப் போகிறேன். இன்னும் மூன்று கேள்வி. ஒரு எழுத்து தெரிந்துவிட்டது என்று எப்போது முடிவெடுப்பது? புள்ளி வைத்த எழுத்தையும் வைக்காததையும் பிள்ளைகள் ஒன்றாகவே பார்க்கிறார்கள், என்ன செய்வது? 247 எழுத்தும் முடியுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்வது?

கரும்பலகை:

முதலாவது. ஒரு பிள்ளைக்கு ஒரு தாள், அதில் 31 கட்டம். கலைத்த அட்டையில் மூன்று விநாடிக்குள் சொன்னால் ஒரு கோடு. அதே எழுத்தை வேறு நாளில், வேறு கையெழுத்தில் சொன்னால் இரண்டாவது கோடு. மூன்று தனித்தனி நாளில் மூன்று கோடு விழுந்தால் தெரியும் என்று எடுக்கலாம். ஒரே நாளில் மூன்று தரம் சரியாகச் சொன்னது கணக்கில்லை. முதல் ஐந்துக்குப் பிறகு கிழமைக்கு இரண்டு புது எழுத்து, அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு விளையாட்டிலும் தெரிந்தவை மூன்று நாலு, புதியது ஒன்று இரண்டு. எல்லாமே புதிதென்றால் பிள்ளை ஊகிக்கத் தொடங்கும், ஊகம் பழகினால் விடுவிப்பது கடினம். தன் பெயரின் முதல் எழுத்தைப் பிள்ளை பெரும்பாலும் முந்திப் பிடிக்கும், அதை வரிசைக்கு வெளியே நின்றாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, புள்ளி. ஸ்டிக்கர் பொட்டு ஒரு பக்கற் வாங்குங்கள், கறுப்பு, வட்டம், நடுத்தர அளவு. லமினேற் செய்த ல அட்டையைக் கொடுத்து "ல" என்று சொல்லவையுங்கள். இனிப் பிள்ளை தன் கையால் ல வின் தலையில் பொட்டை ஒட்டட்டும்: "ல்". எடுத்தால் மறுபடி "ல". பிறகு "கடல" என்று மூன்று அட்டையை அடுக்கி வாசிக்கவிட்டு, "கடல் ஆக்க எங்கே பொட்டு வைக்க வேண்டும்?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை க வில் ஒட்டி "க்டல" என்று வாசித்துப் பார்த்தால் வகுப்பே சிரிக்கும், தடுக்காதீர்கள். அந்தப் பிழையில்தான் புள்ளி என்ன செய்கிறது என்று விளங்கும். பொட்டின் பசை நாலைந்து தரத்தில் போய்விடும். ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் வட்டம் வெட்டி வைத்துக்கொண்டால் நெடுநாள் வரும்.

மூன்றாவது. 247 என்பது எண்ணிக்கைதான், 247 உருவத்தைத் தனித்தனியே படிக்க வேண்டியதில்லை. உயிர், மெய், ஆய்தம் போக மிச்சம் குறிகள். முன்பள்ளி முடியும்போது 20 எழுத்து உறுதியாகத் தெரிந்து, இரண்டு மூன்றெழுத்துச் சொல்லை வாசித்தால் அது நல்ல நிலை. அதற்கு மேல் நேரம் இருந்தால் ா, பிறகு ி. க, ம, ப, ல அட்டைகளுக்குப் பக்கத்தில் ா அட்டையை நகர்த்தி வந்து ஒட்டினால் சத்தம் நீள்கிறது: கல் கால் ஆகிறது, பல் பால் ஆகிறது. இது பிள்ளைகளுக்கு மந்திரம் மாதிரி இருக்கும். ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் நின்று பின்னால் ஒலிப்பவை, தரம் ஒன்றுக்கு விட்டுவிடலாம். உகரத்தைத் தொடவே வேண்டாம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு விதம். ஙு, சு, பு, யு, வு இன்னொரு விதம். ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது விதம். ஒரு குறிக்கு மூன்று முகம்.

மணல்தட்டு:

ரீச்சர், ா தொடங்கும்போது ஒன்றை மட்டும் முன்கூட்டியே சரிப்படுத்துங்கள். எங்களில் பலர் கையால் எழுதும்போது ர வின் கீழே உள்ள சாய்ந்த வாலைப் போடுவதில்லை. அப்போது ர வும் ா வும் ஒன்றாகிவிடும், பிள்ளை "மரம்" என்பதை "மாம்" என்று வாசித்தால் அது எங்கள் பிழை. எல்லா ர அட்டையையும் எடுத்து வாலைத் தெளிவாக, குறைந்தது ஒரு சென்ரிமீற்றர் நீளத்துக்கு, இடப்பக்கமாக இழுத்துப் போடுங்கள். பெயர் அட்டைகளையும் பாருங்கள், வரவுப் பலகையில் எழுதிய பெயர்களையும் பாருங்கள். மணல் தட்டில் ர எழுதும்போது கடைசியில் "வால்" என்று வாயால் சொல்லிக்கொண்டே விரலை இழுக்கவையுங்கள். ா வுக்கு வால் இல்லை, கால் மட்டும்.